முதல் கவளத்தோடு ஒரு மாத்திரை

மூன்று வருடங்களுக்கு முன்பு, பக்ரீத் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, காட்டுப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மெடிக்கல் ஷாப்பில் நடந்தது இது. நடந்தது என்னவோ இரண்டு நிமிடம்தான். ஆனால் அதிலிருந்து நாங்கள் வெளியே வர பல வாரங்கள் ஆயிற்று. பிள்ளைகள் படிக்கிற பக்கம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ் மிஷின் ஓட்டுகிறேன். என் அத்தாவுக்குப் பூந்தமல்லியில் கறிக்கடை. அத்தா என்றால் எங்கள் வீட்டில் அப்பா. ஓடுகிற ஆட்டைப் பார்த்தே எத்தனை கிலோ கறி விழும் என்று சொல்லிவிடுவார். தராசில் வைத்தால் அவர் சொன்னதுதான் இருக்கும்.

அந்த வருடம் அத்தாவின் கண் மஞ்சளாயிற்று. காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அரிப்பு தாங்காமல் முதுகைக் கதவு நிலையில் தேய்க்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கணையத்தில் புற்றுநோய்க் கட்டி என்றார்கள்.

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் இருக்கிற ஒரு உறுப்பு. நாம் சாப்பிடுகிற சோறு, கறி, எண்ணெய் எல்லாவற்றையும் கரைக்கிற சாறு அதிலிருந்து வருகிறது. உடம்பில் சர்க்கரையை அளவாக வைத்துக்கொள்வதும் அதுதான். அத்தாவுக்குக் கணையத்தில் ஒரு பகுதி, பித்தப்பை, சிறுகுடலின் ஆரம்பம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சம் இருந்ததை ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்தார்கள். காலையில் உள்ளே போனவர் சாயங்காலம்தான் வெளியே வந்தார்.

ஆபரேஷனை டாக்டர்கள் செய்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது எங்கள் வேலையாக இருந்தது. ஒரே தடவையில் தட்டு நிறையச் சாப்பிட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு ஆறு வேளை கொடுக்க வேண்டும். சர்க்கரைக்கு ஊசி போட வேண்டும். முக்கியமாக ஒரு மாத்திரை. உள்ளே குட்டிக் குட்டி உருண்டைகள் அடைத்த கூடு மாத்திரை அது. கணையம் சுரக்காத சாற்றுக்குப் பதில் அது வேலை செய்யும் என்றார்கள். எங்கள் வீட்டில் எந்த மாத்திரையாக இருந்தாலும் சாப்பிட்டு முடித்துத் தண்ணீரோடு போடுவதுதான் வழக்கம். இதை அப்படிப் போடக் கூடாது, முதல் கவளத்தோடு உள்ளே போக வேண்டும், பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

அந்த மாத்திரை இல்லாவிட்டால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. அப்படியே எண்ணெயாக வெளியே போய்விடும். அதைப் போட ஆரம்பித்த பிறகு அத்தாவின் வயிறு கொஞ்சம் அடங்கியது. கன்னம் மேலும் குழி விழாமல் நின்றது. கீமோ என்கிற அடுத்த சிகிச்சையை ஆரம்பிக்க உடம்பில் தெம்பு வேண்டும், எடை குறையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அப்போது எல்லோருடைய கவலையும் அந்த எடைதான்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை ஒரு நாள் மதியத்தோடு தீர்ந்தது. பட்டறையிலிருந்து வரும் வழியில் எங்கள் தெரு முனை மெடிக்கல் ஷாப்பில் சீட்டைக் கொடுத்தேன். கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட ஒரு பெண் அங்கே வேலை செய்வார். அத்தாவுக்கு ஆபரேஷன் ஆனது அவருக்குத் தெரியும். மாத்திரையை எடுத்துக் கவரில் போட்டவர், என் தலையில் இருந்த தொப்பியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"பாய், கொஞ்சம் இப்படி ஓரமா வர்றீங்களா?"

போனேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது பன்னியோட கணையத்துலேர்ந்து எடுக்கறது. டாக்டர் சொன்னாரா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"சொல்லாம குடுத்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கும் பாய். அதுக்குன்னு நிறுத்திடாதீங்க. இது இல்லாம உங்கப்பாவால முடியாது. டாக்டராண்ட ஒரு வார்த்த கேளுங்க."

அவர் சொல்லாமல் விட்டிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. சொன்னார். கவரை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

பிள்ளைகளே, முஸ்லிம்களான நாங்கள் பன்றி இறைச்சி சாப்பிட மாட்டோம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைக்கூட வாய் விட்டுச் சொல்வதில்லை. அம்மா 'அது' என்றுதான் சொல்வார். ஆட்டையும் கோழியையும்கூட இறைவன் பெயரைச் சொல்லி முறைப்படி அறுத்திருந்தால்தான் சாப்பிடுவோம். அதற்குத்தான் ஹலால் என்று பெயர்.

நான் வீட்டுக்குள் போனபோது அத்தா மஃரிப் என்கிற அந்தித் தொழுகையை முடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவருக்குச் சாப்பிடுகிற நேரம். அம்மா அடுப்படியில் இட்லியை எடுத்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மா இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையில் இருந்த கவரையே பார்த்தார்.

"அவராண்ட சொல்லப் போறியா?"

"சொல்லணும்ல?"

"தெரியாம துன்னது பாவம் இல்லடா. தெரிஞ்சாதான் பாவம். நீ ஏன் அவருக்குத் தெரிய வெக்கற?"

"அம்மா..."

"இப்பதான் உடம்புல கொஞ்சம் ஒட்டுது. நீ பாட்டுக்குச் சொல்லிட்டு வேலைக்குப் போயிடுவ. அவரு துன்னமாட்டேன்னு உக்காந்தா யாரு பாக்கறது? கம்முனு குடு."

அம்மா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சொன்னால் அத்தா மாத்திரையை நிறுத்திவிடுவார் என்பது எனக்கும் தெரியும். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

ஆனால் எனக்கு அத்தாவின் கடையில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. நான் இளவட்டமாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடு ஏற்றிய வண்டி வழியில் நின்றுவிட்டது. கடை வாசலில் நல்ல கூட்டம். வெளியூர் ஆள் ஒருவர் உரித்த ஆடுகளை வேனில் கொண்டுவந்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

"யாரு அறுத்தது?" என்று அத்தா கேட்டார்.

"நம்ம ஆளுங்கதான் பாய்."

"நம்ம ஆளுங்கன்னா யாரு?"

அந்த ஆள் செல்போனை எடுத்து யாருக்கோ பேச ஆரம்பித்தார். அத்தா ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து, "இன்னிக்குக் கறி இல்லமா. முருங்கக்காய் வாங்கிகினு போய் சாம்பார் வெய்யுங்க," என்றார். திட்டிக்கொண்டே போனார்கள். அடுத்த ஞாயிறு அவ்வளவு பேரும் திரும்பி வந்தார்கள்.

பூந்தமல்லியில் எத்தனையோ பேர் அத்தாவின் வார்த்தையை நம்பித்தான் வீட்டில் குழம்பு வைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு மனிதர் வாயில் இதை வைத்துவிட்டு, நான் எப்படிப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது?

இட்லித் தட்டை நானே எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"அத்தா, இந்த மாத்திரையப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"இன்னாடா, கடையில இல்லன்ட்டானா?"

"கிடைச்சுது. ஆனா இது பன்னிலேர்ந்து எடுக்கறதாம் அத்தா. கணையம்."

அத்தா இட்லியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உனுக்கு எப்போ தெரியும்?"

"இப்பதான். மெடிக்கல் ஷாப்ல அந்தப் பொண்ணு சொன்னாங்க."

"அப்போ இத்தினி நாளா துன்னது?"

"அதுவும் இதேதான் அத்தா."

அத்தா திட்டவில்லை. கத்தவில்லை. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாக எழுந்து போய் வாஷ்பேசினில் வாய் கொப்பளித்தார். அன்று சாயங்காலம் அவர் இன்னும் எதுவுமே வாயில் வைத்திருக்கவில்லை. இருந்தாலும் மூன்று தடவை கொப்பளித்தார். திரும்பி வந்து, "அத்த எட்ட வெய்யி," என்றார். மாத்திரை இல்லாமல் இட்லியைச் சாப்பிட்டார்.

அம்மா நினைத்தது அப்படியே நடந்தது. பழையபடி வயிறு கெட்டது. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. அம்மா எண்ணெயைக் குறைத்தார், தேங்காயை நிறுத்தினார், கஞ்சியாகவே கொடுத்துப் பார்த்தார். அத்தாவின் கைலி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட வேண்டியதாயிற்று. அம்மா எனக்குத் தட்டு வைப்பார், தண்ணீர் வைப்பார், பேச மாட்டார். பட்டறையில் நான் ஓட்டுகிற மிஷினில் நினைப்பு வேறு பக்கம் போனால் விரல் போய்விடும். அதனால் செய்தது சரியா தப்பா என்கிற யோசனையெல்லாம் பஸ்ஸில்தான். இறங்குகிற வரைக்கும் யோசிப்பேன். முடிவு எதுவும் கிடைக்காது.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது எடை பார்க்கிற மிஷினில் அத்தாவை ஏற்றினார்கள். டாக்டர் முகம் சரியில்லை. அத்தா அவரைத் தேற்றுகிற மாதிரி பேசினார்.

"உசுரோட எடை வேற, உரிச்ச எடை வேற சார். நான் இப்பவே உரிச்ச எடைக்கு வந்துட்டேன். என்னை வாங்கறவனுக்கு எலும்புதான் மிஞ்சும்."

டாக்டர் சிரிக்கவில்லை. மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். தானே முன்பே சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவர் உடனே சொன்னார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. அப்போது அத்தா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சார், ஒரு சந்தேகம். அந்தக் கணையம் ஆட்டுலயும் கீது. எரப்பைக்குப் பின்னால கொழுப்போட ஒட்டிகினு இருக்கும், நான் தெனமும் பாக்கறதுதான். ஈரல் கேப்பான், சுவரொட்டின்னு மண்ணீரல கேப்பான், அத்த மட்டும் எவனும் கேட்டதில்ல. அத்தத் துன்னா ஆவாதா?"

இந்தக் கேள்வியை அவர் பல நாளாக மனசுக்குள் வைத்திருந்திருக்கிறார் என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்ல கேள்விதான் பாய். ஆனா வேக வெச்சா அதுல இருக்கற சத்து செத்துப்போயிடும். பச்சையா சாப்பிடக் கூடாது. சாப்ட்டாலும் இரைப்பைல இருக்கற அமிலம் அழிச்சிடும். அந்த மாத்திரைல ஒவ்வொரு உருண்டைக்கும் மேல பூச்சு இருக்கு, அதனாலதான் குடல் வரைக்கும் போகுது. எனக்குத் தெரிஞ்சு இதுக்கு மாத்து இங்க கிடைக்கல. இன்னும் இளைச்சீங்கன்னா கீமோ குடுக்க முடியாது. அட்மிட் பண்ணி டியூப் வழியாதான் ஆகாரம் குடுக்கணும்."

ஆட்டோவில் வரும்போது அத்தா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வானகரம் தாண்டியதும், "ஹஜ்ரத்தாண்ட கேட்டுட்டேன்டா," என்றார்.

ஹஜ்ரத் என்பவர் எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிறவர். கிதாபு என்கிற மார்க்க நூல்களைப் படித்தவர் என்பதால் மார்க்க விஷயங்களை அவரிடம்தான் கேட்போம். அத்தா அவரிடம் பேசியதே எனக்குத் தெரியாது.

"இன்னா சொன்னாரு?"

"உசுருக்கு ஆபத்துன்னா, வேற வழி இல்லன்னா, ஆகும்னாரு. கிதாபுல கீதாம். எனக்கும் தெரிஞ்சதுதான்."

"அப்புறம் ஏன் அத்தா?"

"போட்டுப் பாத்தேன்டா ரெண்டு வாட்டி. நாக்குல வெச்சதுமே எகிறிகினு வருது. கிதாபு மூளைக்குத் தெரியுது. தொண்டைக்குத் தெரியல."

நான் அதுவரைக்கும் அத்தா பிடிவாதமாக இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் யாருக்கும் தெரியாமல் முயற்சி செய்து தோற்றுக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து ஹஜ்ரத் வீட்டுக்கே வந்தார். சாயங்காலத் தொழுகையை முடித்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை அத்தா கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடையை அப்போது என் தங்கை வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மருமகன் ரொம்ப மோசம் பாய். எனக்குன்னு பாத்து எலும்பாப் போடறாரு. கேட்டா, ரசம் வெச்சா நல்லா இருக்கும் ஹஜ்ரத்துங்கறாரு. நீங்க எப்போ வந்து உக்காருவீங்க?"

அத்தா சிரித்தார். சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். பல வாரம் கழித்து அன்றுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

ஹஜ்ரத் சிரிப்பு அடங்குகிற வரை இருந்துவிட்டுச் சொன்னார்.

"நான் இந்த ஊருக்கு வந்த நாள்லேர்ந்து உங்க கடையிலதான் கறி வாங்கறேன். ஒரு நாளாவது நீங்க அறுக்கறதை வந்து பாத்திருப்பனா?"

"இல்ல."

"யாரு அறுத்தாங்கன்னு கேட்டிருப்பனா?"

"இல்ல ஹஜ்ரத்."

"நான் கறியா துன்னேன்? உங்க வார்த்தையத் துன்னேன் பாய். என் பொண்டாட்டி புள்ளைக்கும் அதைத்தான் போட்டேன். இப்போ நான் ஒரு வார்த்த குடுக்கறேன். இது உங்களுக்கு ஆகும். தப்புன்னா என் கழுத்துல. நாளைக்கு அல்லா கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க துன்னுங்க."

ஹஜ்ரத் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. டீயைக் குடித்துவிட்டு, இன்னொரு தடவை மருமகனைக் குறை சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு எதுவும் மாறவில்லை. அத்தா கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தார். மாத்திரை அலமாரியில்தான் இருந்தது.

மறுநாள் எனக்கு மதியம் ஷிப்ட். கிளம்புவதற்காகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். அத்தா கூப்பிட்டார்.

"டேய், இங்க வா. உக்காரு. நீயும் ஒரு தட்டு எடுத்துக்க."

உட்கார்ந்தேன். எதிரெதிரே இரண்டு தட்டு. சோறும் பாசிப்பருப்பும். அத்தா என் பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினார். நான் எழுந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அவர் பிஸ்மில்லாஹ் என்று இறைவன் பெயரைச் சொல்லி ஒரு கவளம் உருட்டினார். கவளத்தை வாயில் வைத்தார். மாத்திரையை வைத்தார். தண்ணீர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, தொண்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். நான் என் தட்டில் கை வைக்கவில்லை. அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தா கண்ணைத் திறந்தார்.

"போயிடுச்சு," என்றார்.

பிறகு இரண்டாவது கவளத்தை உருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ சொன்னதாலதான்டா துன்றேன். சொல்லாம வுட்டு, நாளைக்கு எவனோ ஒருத்தன் சொல்லி எனக்குத் தெரிஞ்சிருந்தா, உன் கையால பச்சத் தண்ணிகூட வாங்கிக் குடிச்சிருக்க மாட்டேன். உங்கம்மா கையாலயும்தான்."

அம்மா உள்ளே போய்விட்டார். சிறிது நேரத்தில் பருப்புக் கிண்ணத்தோடு வந்து என் தட்டில் ஊற்றினார். "துன்னுட்டுப் போ. பஸ் போனா அடுத்த பஸ்ஸு," என்றார். அம்மா என்னிடம் மறுபடி பேசியது அப்போதுதான்.

அன்று பட்டறைக்கு நேரம் கழித்துப் போய் மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. அடுத்த வேளை மாத்திரை திரும்ப வந்துவிட்டது. அதற்கு அடுத்த வேளை தங்கியது. எதிரில் ஒரு ஆள் தட்டோடு உட்கார்ந்தால் தங்கியது, தனியாக இருந்தால் தங்கவில்லை. எதனால் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. காலை வேளைகளில் நான், மற்ற வேளைகளில் அம்மா என்று வைத்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் அம்மா அதுவரைக்கும் அத்தாவுடன் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில்தான் சாப்பிடுவார். அந்த வழக்கம் எங்கள் வீட்டில் அப்படித்தான் போனது.

எடை முதலில் நின்றது. பிறகு நத்தை மாதிரி ஏறியது. கீமோ கொடுத்தார்கள். முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணானது, சில நாட்கள் சர்க்கரை இறங்கிப்போய் வியர்த்துக் கொட்டியது. அதையெல்லாம் தாண்டினார். இப்போதும் ஸ்கேன் எடுக்கிற நாள் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் பயம்தான். அத்தா கத்தி பிடிப்பதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டைப் பார்த்து எடை சொல்கிறார், மருமகன் வெட்டுகிறார். ஹஜ்ரத்துக்கு இப்போது எலும்பில்லாத கறி போகிறது.

போன வருடம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அயனம்பாக்கம் போயிருந்தோம். பிரியாணி பரிமாறினார்கள். அத்தா சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தார். பக்கத்தில் இருந்தவர், "இன்னா பாய், சாப்புடறதுக்கு முன்னாடியே மாத்திர?" என்று கேட்டார். சர்க்கரைக்கு என்று சொல்லியிருக்கலாம். அத்தா அது என்ன மாத்திரை, எதிலிருந்து எடுக்கிறார்கள், யாரைக் கேட்டு எடுத்துக்கொள்கிறார் என்பதை முதலிலிருந்து சொன்னார். கேட்டவர் கை பிரியாணியிலேயே நின்றுவிட்டது. அத்தா முதல் கவளத்தோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, "ஆறிடப் போவுது, துன்னுப்பா," என்றார்.

பிள்ளைகளே, உண்மை பேசுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். நானும் என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவேன் என்று அம்மா அன்று அடுப்படியில் சொன்னாரே, அதுதான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. ஒருவருக்குக் கஷ்டம் தருகிற உண்மையைச் சொன்னால், அந்தக் கஷ்டம் இறங்குகிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருக்கவும் வேண்டும். அதனால் இன்றைக்கும் அத்தாவின் முதல் கவளம் உள்ளே போய், அவர் கண்ணைத் திறக்கிற வரை, நான் என் கவளத்தை எடுப்பதில்லை.